மிஸ் ஆட்லி பஸ் ஏறவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகப் பின்வாங்கிக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுத்தால் போதும், மனைவி ரத்தினம் தொடங்கிவிடுவாள். "உங்களுக்கு எழுத்து வருமோ? ஒரு கடிதம் எழுதினாலே நாலாம் வரியிலை 'ஆண்டவர் காப்பார்' எண்டு முடிக்கிற ஆள்." அவள் சொல்வதில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதோடு, நான் எழுத வேண்டிய மனுஷி மிஸ் ஆட்லி. தன்னைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து போய் யன்னலைத் திறக்கிறவர். லண்டன் பனிக்காலத்தில் அப்படித் திறந்தால், பாராட்டியவருக்குத்தான் தடிமன் பிடிக்கும்.

ஆனால் இனிப் பொறுக்க முடியாது. அண்மையில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக் கூட்டத்தில் ஒருவர் மிஸ் ஆட்லியின் கதையைச் சாட்சியாகச் சொன்னார். அவருடைய கதையில், மிஸ் ஆட்லி உதவிய சைவப் பெண் மனோன்மணி முடிவில் ஞானஸ்நானம் பெறுகிறார். அதே கிழமை கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் கடையொன்றில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நின்ற இன்னொருவர் அதே கதையைச் சொன்னார். அவருடைய கதையில் மிஸ் ஆட்லி மழையில் நனைந்து, மனம் இளகி, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறிவிடுகிறார். இரண்டும் நடக்கவில்லை. நான் அங்கே நின்றவன். என் சப்பாத்தும் நனைந்தது.

நான் வேலை பார்த்த இடத்தைச் சங்கம் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் மூன்று அறைகள். நாடு வேதத்தின்படி நடக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தாருக்கும் சபைகளுக்கும் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கிறிஸ்தவர்கள் அங்கே இருந்தார்கள். லாட்டரி வேண்டாம், மதுக்கடை நேரத்தைக் கூட்ட வேண்டாம், ஆபாச வீடியோ வேண்டாம், கருவைக் கலைக்க வேண்டாம், விவாகரத்தை இலகுவாக்க வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க வேண்டாம்.

அவற்றை மடித்துப் பொதி கட்டி அனுப்புவது என் வேலை. ஊரில் மிஷன் அச்சகத்தில் தாள் மடித்த கை. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு லண்டன் வந்து, ஒரு போதகரின் சிபாரிசில் இங்கே சேர்ந்தேன். தாளை மூன்றாக மடிக்கும்போது தலைப்பு வெளியே நிற்க வேண்டும். நகத்தால் அழுத்தக் கூடாது, மர அளவுகோலின் விளிம்பால் ஒரே இழுப்பு. இதெல்லாம் எனக்குப் புதிதல்ல. அந்தப் பிரசுரங்களில் சொல்லியிருந்ததை நானும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். சிலவற்றை மடிக்கும்போது, இதை இன்னும் கொஞ்சம் அன்பாகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அப்போது கை மெதுவாகப் போகும். மிஸ் ஆட்லி கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். "எந்த வரியில் நிற்கிறீர்கள், மிஸ்டர் ராஜா?" என்பார். என் முழுப்பெயர் இராசையா. அவருக்கு அதில் பாதிதான் வாய்த்தது.

மிஸ் ஆட்லிதான் கந்தோரின், அதாவது அந்த அலுவலகத்தின், தலைவி. உயரமானவர், மெலிந்தவர், கல்யாணம் செய்யாதவர், ஸ்ட்ரெதத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியே இருந்தார். பொதி கட்ட ஒரு கிழமையில் பழகிவிட்டேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பழகுவதற்குத்தான் வருடங்கள் பிடித்தன.

அவருடைய ஞாயிறு சனிக்கிழமை மத்தியானமே தொடங்கிவிடும். உருளைக்கிழங்கைத் தோல் சீவித் தண்ணீரில் போடுவார், சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைப்பார், தொலைபேசியின் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவார். ஞாயிறு அன்று பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. தான் ஏறினால் சாரதியின் ஓய்வைத் தான் திருடியது போல என்பார். பால்காரன் ஞாயிறு வைத்துவிட்டுப் போகும் போத்தலைத் தொடமாட்டார், தெருப் பூனைகளுக்கு அது தெரியும். திங்கட்கிழமைப் பத்திரிகையையும் வாசிக்கமாட்டார்.

"ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைத்தானே விட வேண்டும், மிஸ்?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"திங்கள் காலையில் வருகிற பத்திரிகையை எப்போது அச்சடிக்கிறார்கள், மிஸ்டர் ராஜா?"

அப்படிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை சனிக்கிழமை அச்சாவது, அதை வாசிக்கலாமோ என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஆகவே எங்கள் கந்தோருக்குச் செவ்வாய்க்கிழமை வரை நாட்டில் ஒன்றும் நடக்காது. ஒரு தடவை ஒரு மந்திரி பதவி விலகிவிட்டார், நாடெல்லாம் அதே பேச்சு. நாங்கள் திங்கட்கிழமை அவருக்கே மிகுந்த மரியாதையோடு ஒரு விண்ணப்பம் அனுப்பினோம்.

ஆனால் அவர் கல்மனம் கொண்டவர் அல்ல. சங்கம் சூதாட்டத்துக்கு விரோதம், ராஃபிள் குலுக்கல் சீட்டு உட்பட. எங்கள் தமிழ்ச் சபையின் அறுப்பின் பண்டிகையில் ரத்தினம் ராஃபிளில் ஒரு ரைஸ் குக்கரை வென்றுவிட்டாள். "உங்கடை கந்தோரிலை கேட்டுக்கொண்டு வாங்கோ, இதிலை சோறு அவிக்கலாமோ எண்டு" என்று என்னை அனுப்பினாள். பகிடிக்குத்தான் சொன்னாள், நான் உண்மையாகவே போய்க் கேட்டுவிட்டேன். மிஸ் ஆட்லி நீண்ட நேரம் யோசித்தார்.

"சீட்டை யார் வாங்கியது?"

"என் மனைவி."

"அரிசியை யார் வாங்கியது?"

"நான், மிஸ்."

"அப்படியானால் பாத்திரத்துக்கு அவர் பதில் சொல்லட்டும். நீங்கள் சோற்றைச் சாப்பிடுங்கள்."

அந்தக் குக்கரில் பல வருடம் சோறு அவிந்தது. நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ரத்தினம், "உங்கடை பங்கு பரிசுத்தமானது, என்ரை பங்குதான் பாவம், ரெண்டையும் சேத்துப் பிசையாதேங்கோ" என்பாள்.

மனோன்மணி வந்தது ரத்தினத்தின் வழியாகத்தான். ஸ்ட்ரெதத்தில் உடுப்புத் துவைக்கப் போகிற இடத்தில் சந்தித்திருக்கிறார்கள். முப்பது வயது இருக்கும், ஒரு வீட்டில் அறை எடுத்துத் தனியே இருந்தார். கணவர் சிவநேசன் கொழும்பில் அகப்பட்டு நின்றார். அவரை அழைப்பதற்கான விண்ணப்பம் குரோய்டனில் குடிவரவுத் திணைக்களத்தின் பெரிய கட்டடத்துக்குள் கிடந்தது. மனோன்மணிக்கு நிரந்தர வேலை இருப்பதைக் காட்டினால்தான் அது அசையும். வேலை குரோய்டனுக்கு வெளியே ஒரு பெரிய தளபாடக் கடையில். அந்த நாட்களில் அப்படியான கடைகள் ஞாயிறு திறப்பது சட்டத்துக்கு மாறானது, ஆனாலும் திறந்தார்கள். இனி ஞாயிறும் வர வேண்டும், வராவிட்டால் வேலை இல்லை என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

"இவையின்ரை கந்தோர் ஞாயிறு வேலைக்கு எதிராச் சண்டை பிடிக்கிற கந்தோர்" என்று ரத்தினம் அவரை எங்கள் குசினிக்குள், அடுப்படி வரைக்கும், கூட்டி வந்துவிட்டாள்.

"அண்ணை, நான் சைவம். என்னை உள்ளுக்கு விடுவினமோ?"

"விடுவினம் பிள்ளை. தேத்தண்ணியும் தருவினம். சீனி மட்டும் கேளாதேங்கோ."

அடுத்த நாளே கூட்டிப் போனேன். மிஸ் ஆட்லி எதிரே உட்கார்ந்து ஒரே கேள்வி கேட்டார். "உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு?" நான் நடுவிலிருந்து மொழிபெயர்த்தேன்.

"ஞாயிறு மத்தியானம்தான் அவர் ரெலிபோன் எடுக்கிறவர். வேறை நாள் ஏலாது. ஒப்பரேட்டர் பிடிச்சு, 'கொழும்பிலை இருந்து ஆள், கதைக்கிறீங்களோ' எண்டு கேப்பா. நான் ஓம் எண்டால்தான் குடுப்பா. நான் வேலையிலை நிண்டால் ஓம் சொல்ல ஆளில்லை, அண்ணை."

மொழிபெயர்த்துக்கொண்டு போனவன் ஒப்பரேட்டரில் வந்து நின்றுவிட்டேன். அவசரமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிக்காரரை வேலை வாங்காதீர்கள் என்று ஒரு பிரசுரம் இருக்கிறது. அன்று காலைதான் மடித்து மேசையில் அடுக்கியிருந்தேன். ஞாயிறு வேலை ஏலாது என்று சொல்ல வந்த பிள்ளைக்கு, புருஷனோடு பேச இன்னொருத்தி ஞாயிறு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஆனாலும் சொன்னதை அப்படியே சொன்னேன்.

மிஸ் ஆட்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அடுக்கியிருந்த பிரசுரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவர் ஏன் ஞாயிறு மட்டும் பேசுகிறார்?"

மனோன்மணி விளக்கினார். சிவநேசன் தங்கியிருந்த லொட்ஜில் போன் இல்லை. கொழும்பின் புறக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் இருந்தது. மற்ற நாட்களில் அங்கே வியாபாரம், ஆட்கள், சத்தம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. முதலாளி திறப்புக் கொத்தைக் கொடுத்து, உள்ளே தனியே இருந்து அவசரமில்லாமல் ஆறுதலாகப் பேசு என்று விட்டுவிடுவார்.

மிஸ் ஆட்லி நிமிர்ந்தார். "ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டா?"

"ஓம்."

"முதலாளி கிறிஸ்தவரா?"

"இல்லை, முஸ்லிம்."

மிஸ் ஆட்லி எழுந்து யன்னலைத் திறந்தார். யாரும் யாரையும் பாராட்டவில்லை, ஆனாலும் திறந்தார். திரும்பி வந்து சொன்னார்: "மருத்துவமனைத் தாதி ஞாயிறு வேலை செய்கிறாள். அது இரக்கத்தின் வேலை, அதை நாம் தடுப்பதில்லை. அந்த ஒப்பரேட்டரைத் தாதிமாரோடு சேர்த்துக்கொள்வோம், மிஸ்டர் ராஜா."

ஆனால் சங்கத்துக்குச் செயற்குழு என்று ஒன்று இருந்தது. தலைவர் நல்ல மனிதர், எதிலும் அவசரப்படாதவர். கிறிஸ்தவர் அல்லாதவருக்காகச் சங்கம் வாதாடினால் சபைகள் என்ன நினைக்கும், அடுத்த கூட்டத்தில் ஜெபத்தோடு ஆராய்வோம் என்றார். அடுத்த கூட்டம் அடுத்த மாதம். மனேஜரோ வருகிற ஞாயிறு மத்தியானம் தன்னிடம் வந்து முடிவு சொல்லும்படி மனோன்மணிக்குச் சொல்லியிருந்தார். மற்ற நாள் அவருக்கு நேரமில்லையாம்.

"சங்கத்தின் பெயரில் போகமாட்டேன். என் பெயரில் போவேன்" என்றார் மிஸ் ஆட்லி.

"ஞாயிற்றுக்கிழமை, மிஸ்" என்றேன்.

"ஆடு குழிக்குள் விழுந்தால் தூக்கிவிட ஞாயிறு என்று பார்ப்பதில்லை. ஆனால் குழி வரைக்கும் நடந்துதான் போக வேண்டும்."

ஸ்ட்ரெதத்திலிருந்து அந்தக் கடை வரை நடந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. ரத்தினம் தலையில் கை வைத்தாள். இன்னொரு சிக்கலும் இருந்தது. அதே நேரத்தில்தான் கொழும்பு அழைப்பு வரும். "நான் போய் அந்தப் பிள்ளையின்ரை வீட்டிலை போனுக்குப் பக்கத்திலை இருக்கிறன். ஓம் சொல்லத்தானே, எனக்குச் சொல்லத் தெரியும்" என்றாள்.

ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய்விட்டு, மிஸ் ஆட்லியும் நானும் நடக்கத் தொடங்கினோம். மனோன்மணி பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. "அண்ணை, எனக்கு உங்கடை சட்டம் இல்லைத்தானே?" என்று கேட்டே போனார். நோர்பரி தாண்டும்போது மழை பிடித்தது. மிஸ் ஆட்லி குடையை விரித்தார், காற்று அதை மறுபக்கம் புரட்டியது, அவர் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வேகத்தில் நடந்தார். பின்னால் வந்த பஸ் அடுத்த தரிப்பில் நின்றது. மனோன்மணி படியில் நின்று கூப்பிட்டார்.

"அண்ணை, அவவை ஏறச் சொல்லுங்கோ! நனையிறா!"

சாரதியும் எட்டிப் பார்த்து, "அம்மா, ஏறுங்கள், மழை" என்றார் ஆங்கிலத்தில்.

மிஸ் ஆட்லி தரிப்பு வரை போனார். கதையில் அவரை ஏற்றிவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏற்றுகிறார்கள். அவர் ஏறவில்லை. சாரதியிடம், "மிகவும் நன்றி. உங்களுக்கு அடுத்த ஞாயிறு ஓய்வு கிடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கதவு மூட இருந்த நேரத்தில் மனோன்மணி குதித்து இறங்கிவிட்டார்.

"ஏன் பிள்ளை இறங்கினனீங்கள்?"

"வயசு போன மனிசி எனக்காக நடக்க, நான் இருந்துகொண்டு போறதோ? என்னாலை ஏலாது." பிறகு எனக்கு மட்டும் கேட்க, "ஆனால் அண்ணை, இவ ஒரு விசர் மனிசி, பைத்தியம்" என்றார். கண் கலங்கியிருந்தது. மழையும் இருந்தது.

மூன்று பேரும் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கடைக்குள் நுழைந்தோம். மனேஜர் இளைஞர், மரியாதையானவர். விலைச்சீட்டுத் தொங்கும் சோபாவைக் காட்டி உட்காரச் சொன்னார். மிஸ் ஆட்லி மறுத்துவிட்டார், விற்கிற பொருளில் ஞாயிற்றுக்கிழமை உட்காரமாட்டாராம். அவர் உட்காராததால் நாங்களும் நின்றோம். மெஷினிலிருந்து தேநீர் எடுத்துத் தரவா என்று மனேஜர் கேட்டார். மெஷினுக்கு ஓய்வுநாள் கிடையாது என்று அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மனேஜர் மனோன்மணியிடம் நேரே கேட்டார்: "நீங்கள் ஞாயிறு தேவாலயத்துக்குப் போகிறீர்களா? அப்படியென்றால் நான் யோசிக்கலாம்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேலை நிற்கும், குரோய்டன் விண்ணப்பம் அசையும், சிவநேசன் வந்து சேருவார். மனோன்மணி மிஸ் ஆட்லியைப் பார்த்தார். மிஸ் ஆட்லி தேநீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதவி செய்யவில்லை.

"இல்லை" என்றார் மனோன்மணி, தன் ஆங்கிலத்தில். "நான் முருகன் கோயிலுக்குப் போவேன். அது எல்லா நாளும் திறந்திருக்கும். ஞாயிறு என் கணவர் பேசுவார்."

மனேஜர் மிஸ் ஆட்லியின் பக்கம் திரும்பினார். "இவர் கிறிஸ்தவரே இல்லையே. பிறகு நீங்கள் ஏன் வந்தீர்கள்?"

"ஓய்வுநாள் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கொடுத்ததல்ல. வேலைக்காரருக்கும், மாட்டுக்கும், வாசலுக்குள் வந்து நிற்கும் அந்நியருக்கும் சேர்த்துத்தான் கட்டளை. நீங்கள் மாடுகள் வைத்திருக்கவில்லை. மற்றவர்கள் இருக்கிறார்கள்" என்றார் மிஸ் ஆட்லி. பிறகு கோப்பையை வைத்துவிட்டு, கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "இந்தக் கடை இன்று திறந்திருப்பது சட்டத்துக்கு விரோதம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நான் இன்று பேசமாட்டேன். இன்று ஞாயிறு, நான் வேலை செய்வதில்லை. நாளை திங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டேன். கடைசியில் மனேஜரே சிரித்துவிட்டார். ஞாயிறுக்குப் பதிலாக வியாழன் பின்னேர ஷிப்ட் என்று முடிவானது.

திரும்பி வந்தபோது ரத்தினம் மனோன்மணியின் வீட்டு வாசலில் நின்றாள். "எடுத்தவர், எடுத்தவர்! உங்கடை மனிசி ஒரு வெள்ளைக்கார மனிசியோடை குரோய்டனுக்கு நடந்து போட்டா, ஒண்டும் யோசியாதேங்கோ எண்டு சொன்னனான்."

"அதுக்கு அவர் என்ன சொன்னவர், அக்கா?"

"அவர் எங்கை சொன்னவர்? நான்தானே கதைச்சுக்கொண்டு இருந்தனான்."

பாவம் சிவநேசன், மனைவியைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்று நினைத்து அந்தக் கிழமை முழுதும் நித்திரை இல்லாமல் கிடந்ததாகப் பிறகு சொன்னார். ஒரு வருடத்துக்குள் விமான நிலையத்தில் அவரைக் கூட்டிவரப் போனவர்களில் மிஸ் ஆட்லியும் ஒருவர். அது புதன்கிழமை, ஆகவே ரயிலில் வந்தார்.

பிறகு சட்டம் மாறியது. ஞாயிறு கடை திறக்கலாம் என்று பாராளுமன்றம் முடிவு செய்துவிட்டது. நான் பொதி அறையில் இருந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. மிஸ் ஆட்லி வந்து, மிஞ்சிக் கிடந்த பிரசுரக் கட்டைத் தூக்கிப் பார்த்தார். "பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. கடைக்குப் போகும்போது உங்கள் மனைவி சாமான் எழுத உதவும். ஆனால் ஞாயிறு வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று என் கையில் வைத்தார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, மனோன்மணியும் சிவநேசனும் குட்மேய்ஸில் பலசரக்குக் கடை போட்டார்கள். ஞாயிறும் கடை திறப்பு. வேறு வழி இல்லை, அந்தத் தெருவில் எல்லோரும் திறக்கிறார்கள். இது மிஸ் ஆட்லிக்குத் தெரியக் கூடாது என்று மனோன்மணி என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார். "பிள்ளை, அவ என்னைக் கேட்டால் என்னாலை பொய் சொல்ல ஏலாது" என்றேன். மிஸ் ஆட்லி கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை என்னோடு நேரே கடைக்கே வந்துவிட்டார்.

கதவில் நேரம் எழுதின அட்டை தொங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு நின்று வாசித்தார். உள்ளே மனோன்மணி கறிவேப்பிலைக் கட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். எல்லா நாளும் திறப்பு. கீழே கையெழுத்தில் இன்னொரு வரி: ஞாயிறு மத்தியானம் ஒரு மணித்தியாலம் பூட்டு.

"இது என்ன, இந்த ஒரு மணித்தியாலம்?"

மனோன்மணி வெளியே வந்தார். "அது முந்தி அவர் கொழும்பிலை இருந்து போன் எடுக்கிற நேரம், மிஸ். இப்ப போன் இல்லை. பின்னுக்கு இருந்து ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டு கதைப்பம். ஆர் வந்து தட்டினாலும் திறக்கிறதில்லை." நான் மொழிபெயர்த்தேன்.

மிஸ் ஆட்லி அட்டையை மறுபடி வாசித்தார். கைப்பையைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். திறப்பதற்கு அங்கே யன்னல் இல்லை.

"உங்கள் ஆட்கள் பேரம் பேசுவதில் கெட்டிக்காரர் அல்லவா, மிஸ்டர் ராஜா? கேட்டுப் பாருங்கள். அடுத்த வருடம் இரண்டு மணித்தியாலம் ஆகுமா என்று."

நான் வாய் திறக்க முன்னமே மனோன்மணி ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிட்டார்.

"ஒன்றரை, மிஸ்."

"நல்லது" என்றார் மிஸ் ஆட்லி. உள்ளே போய், சந்தையில் நெடுநாள் பழகியவர் போல வெண்டிக்காயை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்து வாங்கினார்.

நடந்தது இவ்வளவுதான். மிஸ் ஆட்லி இப்போது ஆண்டவரிடத்தில் இருக்கிறார். அங்கே எல்லா நாளும் ஓய்வுநாள்தான், பத்திரிகைப் பிரச்சினை இராது. இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், அதற்காகத்தான் எழுதினேன். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். சாட்சி பலமாக இருக்க வேண்டும் என்று மனோன்மணியைத் தண்ணீரில் இறக்காதீர்கள், அவர் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விரதம். கதை இனிக்க வேண்டும் என்று மிஸ் ஆட்லியைப் பஸ்ஸில் ஏற்றாதீர்கள். அவர் நடந்துதான் போனார்.